பெட்டி கிளம்பாத காலைகள்

ஜூன் 9, திங்கள்

இந்த நோட்டு நானாக ஆசைப்பட்டுத் தொடங்கியதல்ல. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஷாஜகான் சொன்னதால் எழுதுகிறேன். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு வேளை கிளம்புகிறது, ஒரு வேளை மாட்டேன் என்கிறது. அவன் வந்து உட்கார்ந்தால் மட்டும், இன்ஸ்பெக்‌ஷன் நாளில் பிள்ளைகள் இருப்பதைப் போல அத்தனை சமர்த்து.

"இப்படி விட்டு விட்டு வர்ற கம்ப்ளெயிண்ட்தான் டீச்சர் ஆளக் கொல்லும். ஒரேயடியா செத்துருச்சுன்னா அஞ்சு நிமிசத்துல கண்டுபிடிச்சுருவேன். நீங்க ஒண்ணு பண்ணுங்க. எப்ப வருது, எப்ப வரல, யாரு போட்டா, எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வைங்க" என்றான்.

நான் டீச்சர் இல்லை. அரசு மேல்நிலைப் பள்ளியில் இருபத்தொன்பது வருடம் ஆய்வக உதவியாளர். ஷாஜகான் ப்ளஸ் டூ படிக்கும்போது பியூரெட்டை உடைத்துவிட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது, இன்னும் டீச்சர்தான். போகட்டும். எழுத வேண்டும் என்று சரியான ஆளிடம்தான் சொல்லியிருக்கிறான். சோதனை, காண்பது, அறிவது என்று மூன்று கட்டம் போட்டுவிட்டேன்.

சோதனை: காலை ஆறு ஐம்பதுக்கு இவர் (என் வீட்டுக்காரர்) பட்டனை அழுத்தினார்.
காண்பது: விளக்கு எரிந்தது. உள்ளே காற்றாடி சுற்றியது. நான்கு எண்ணுவதற்குள் எல்லாம் அணைந்தது. மூன்று முறையும் இப்படியே.
அறிவது: ஒன்றும் அறியவில்லை.

மாலை ஐந்து மணிக்கு நான் அழுத்தினேன். பெட்டி மேசைக்கு அடியில் தரையில் இருக்கிறது. என் முழங்கால் குனிய விடாது என்பதால், ரிட்டயர் ஆனபோது கொண்டுவந்த மர ஸ்கேலால் நின்றபடியே அழுத்துவேன். முதல் தடவையே கிளம்பியது.

ஜூன் 10, செவ்வாய்

காலை: இல்லை (இவர்). மாலை: உண்டு (நான்).

ஜூன் 11, புதன்

காலை: இல்லை (இவர்).

மதியம் மாரிக்கண்ணு போன் செய்தார். இவர் சப் போஸ்ட்மாஸ்டராக இருந்தபோது அதே ஆபீஸில் தபால்காரராக இருந்தவர். "அக்கா, சாருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா? காலையிலருந்து போனக் கையிலயே வெச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன்" என்றார். இன்று மாரிக்கண்ணுவுக்குப் பிறந்தநாள்.

இதை விவரமாக எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் ஒரு பழைய பெட்டிக்கு ஏன் இவ்வளவு பாடு என்று தோன்றும். என் வீட்டுக்காரர் திருமேனிநாதனுக்கு நானூற்றுப் பன்னிரண்டு பேரின் பிறந்தநாள் தெரியும். சொந்தக்காரர்கள், கூட வேலை பார்த்தவர்கள், கவுண்டரில் வந்து ஸ்டாம்பு வாங்கியவர்கள் வரை. அந்தந்த நாளில் சரியாகக் காலை ஏழு மணிக்குக் கூப்பிடுவார். பெற்ற பிள்ளைகள் மறந்த வீடுகளுக்கெல்லாம் இவர் போன் போகும். முன்பு எல்லாம் மனப்பாடம். இந்த இரண்டு வருடமாகத்தான் கம்ப்யூட்டரில் இருக்கும் பட்டியலைப் பார்த்துச் சொல்கிறார். எழுபத்தொரு வயதில் பார்த்துச் சொன்னால் என்ன குறைந்துபோயிற்று?

எங்கள் மகள் பூங்கோதை ஓசூரில் இருக்கிறாள். மே மாதம் வந்தவள் போகும்போது வாசலில் நின்று சொன்னாள். "அப்பா என்கிட்ட ஒரே கேள்விய நாலு தடவ கேட்டாரும்மா. மதுரையில ஒரு நரம்பு டாக்டர் இருக்காராம். காட்டிருவோம். அப்புறம் நீங்க ரெண்டு பேரும் வீட்டப் பூட்டிட்டு எங்களோட வந்துருங்க."

"நானூத்திப் பன்னெண்டு பேரு பொறந்தநாள் தெரிஞ்ச மனுசனுக்கு என்னடி மறதி?" என்று கத்திவிட்டேன். அன்றிலிருந்து போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை.

பெட்டி சரியாக வேண்டும். அது சரியாகிவிட்டால் இவரும் ஏழு மணிக்கு உட்கார்ந்து கடகடவென்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார். நான் கேட்பது அவ்வளவுதான்.

ஜூன் 13, வெள்ளி

ஷாஜகான் மதியம் வந்தான். ராம் என்கிற பட்டையை உருவி, பென்சில் ரப்பரால் அதன் தங்கப் பற்களைத் தேய்த்து, ஊதி, திரும்பச் செருகினான். கிளம்பியது. "பாத்தீங்களா டீச்சர்" என்று கிளாஸ் மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் போனான்.

ஜூன் 14, சனி

காலை: இல்லை. ரப்பர் வைத்தியம் பலிக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

காலை: இல்லை. மாலை: உண்டு.

வாங்க வேண்டியவை: உளுந்து, இவருக்கு ஷேவிங் பிளேடு, சந்தனப் பொடி. போன மாதம்தான் புது டப்பா பிரித்தேன். அதற்குள் அடி தெரிகிறது. கடைக்காரர்கள் எடை குறைத்துப் போடுகிறார்கள்.

ஜூன் 18, புதன்

காலையில் கிளம்பவில்லை. நான் தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்கப் போயிருந்த நேரம், மதியம் இவரே மறுபடி அழுத்தியிருக்கிறார், கிளம்பிவிட்டது. ஆனால் திரையில் தேதி 1.1.2007. உள்ளே இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்தால் அப்படித்தான் ஆகுமாம். இவர் என்ன செய்வார், பாவம். பட்டியலில் ஜனவரி ஒன்று யார் என்று பார்த்து, சுப்பையா வீட்டுக்குப் போன் செய்து, "சுப்பையா இருக்கானா, பொறந்தநாளும் அதுவுமா எங்க போனான்?" என்று கேட்டிருக்கிறார்.

சுப்பையா இறந்து நான்கு வருடம் ஆகிறது.

அவர் மனைவி ராமலட்சுமி சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள். "வெளிய போயிருக்காருண்ணே, வந்ததும் சொல்றேன்னு சொல்லிட்டேன்க்கா. வேற என்ன சொல்றதுன்னு தெரியல."

கம்ப்யூட்டரில் தேதி தவறு, பேட்டரி தீர்ந்துவிட்டது, நாளைக்கே மாற்றப்போகிறோம் என்று விளக்கமாகச் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அதுக்கில்லக்கா. எங்க வீட்டுக்காரரத் தூக்குறப்ப முன்னால தோள் குடுத்ததே அண்ணன்தான்" என்றாள்.

அறிவது: பேட்டரி தீர்ந்தது.

ஜூன் 19, வியாழன்

பேட்டரி மாற்றியாயிற்று. தேதி சரி. ஆனாலும் காலையில் கிளம்பவில்லை. கரண்டு கொடுக்கிற டப்பாவில் கோளாறாக இருக்கும் என்று ஷாஜகான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்விட்டான். பட்டியலை மட்டும் காகிதத்தில் எடுத்துக் கொடுத்தான், பதினோரு பக்கம்.

ஜூன் 20, வெள்ளி

மேசைக்கு அடியில் காலி இடம். பெட்டி எங்கே என்று இவர் கேட்டார். கடையில் இருக்கிறது என்றேன். எத்தனை முறை கேட்டார் என்பதெல்லாம் இந்த நோட்டில் எழுத வேண்டிய விஷயமல்ல.

ஜூன் 21, சனி

காகிதப் பட்டியலைக் காணோம் என்று வீட்டைப் புரட்டினேன். பிரிட்ஜில் முட்டைத் தட்டுக்குக் கீழே இருந்தது. வெயிலுக்கு வைத்திருப்பார்.

ஜூன் 23, திங்கள்

ஷாஜகான் பெட்டியோடு வந்தான். கரண்டு டப்பாவும் மாற்றிவிட்டானாம். "முப்பது தடவ போட்டுப் பாத்தேன் டீச்சர். முப்பது தடவையும் ஜம்முனு வந்துச்சு. இனிமே கவலையே இல்ல."

ஜூன் 24, செவ்வாய்

காலை: இல்லை.

ஷாஜகானைப் போனில் கூப்பிட்டுப் பியூரெட்டை ஞாபகப்படுத்தினேன்.

ஜூன் 27, வெள்ளி

இன்று முதலிலிருந்து நோட்டைப் படித்துப் பார்த்தேன். கிளம்பாதது எல்லாம் காலையில், இவர் அழுத்தியபோது. கிளம்பியது எல்லாம் மாலையில், நான் அழுத்தியபோது. ஷாஜகான் வந்த நாளும் ஒரே ஒரு மதியமும் தவிர.

அறிவது: காலையில் மின்னழுத்தம் குறைவு. எதிர்வீட்டில் மோட்டார் போடுகிறார்கள்.

போனில் ஷாஜகானுக்குப் படித்துக் காட்டினேன். "மோட்டாரா இருந்தா ஒங்க டியூப்லைட்டும் மங்கணும்ல டீச்சர்? நாளைக்குக் காலையில சாருக்கு முன்னால நீங்க ஒரு தடவ போட்டுப் பாருங்களேன்" என்றான்.

நாளைக்கு மாவு அரைக்க வேண்டும். பார்க்கலாம்.

ஜூன் 29, ஞாயிறு

நேற்றும் பார்க்கவில்லை, இன்றும் பார்க்கவில்லை. முழங்கால் வலி.

ஜூன் 30, திங்கள்

காலை ஆறே கால். இவர் குளித்துக்கொண்டிருந்தார். ஸ்கேலால் அழுத்தினேன். கிளம்பியது. அணைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவளைப் போல அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஆறு ஐம்பது. இவர் அழுத்தினார். நான்கு எண்ணுவதற்குள் அணைந்தது.

பின்னாலேயே போனேன். இந்த முறை ஸ்கேலை எடுக்கவில்லை. மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் என்ன கத்தினாலும் கத்தட்டும் என்று தரையில் உட்கார்ந்து, விரலால் பட்டனைத் தொட்டேன்.

ஈரம். விரலைப் பார்த்தால் சந்தனம். டார்ச்சை அடித்துப் பார்த்தேன். பட்டனும் அதைச் சுற்றியுள்ள இடுக்கும் தெரியாத அளவுக்கு, காய்ந்ததன் மேல் காய்ந்ததாக ஏடு ஏடாகச் சந்தனம். எல்லாவற்றுக்கும் மேலே, இப்போது வைத்த பச்சைச் சந்தனம், நடுவில் குங்குமம். உள்ளே போன பட்டன் அந்த ஈரத்தில் ஒட்டிக்கொண்டு வெளியே வராமல் நின்றிருந்தது. பட்டன் அழுந்தியே இருந்தால் நான்கைந்து வினாடியில் பெட்டி தானாக அணைந்துவிடும் என்று ஷாஜகான் எப்போதோ சொல்லியிருக்கிறான். சாயங்காலத்துக்குள் ஈரம் காய்ந்து சுருங்கும், பட்டன் விடுபடும், நான் ஸ்கேலோடு வந்து மகராசியாகக் கிளப்புவேன்.

"இது யாருங்க வெச்சது?" என்று கேட்டேன்.

"நான்தான். புதுச் சாமான் செண்பகம். பொட்டு வெக்காம எப்படிப் போடுறது?"

"எப்ப வாங்குனோம் இத?"

சிரித்தார். என்னைச் சின்னப் பிள்ளை என்று நினைத்துச் சிரிக்கிற சிரிப்பு. "நேத்துதான? ரெண்டு பேரும் ஆட்டோவுல தூக்கிட்டு வந்தோம். மானிட்டர ஒன் மடியில வெச்சுக்கிட்டு, பள்ளம் வர்றப்பல்லாம் 'மெதுவாப் போப்பா, மெதுவாப் போப்பா'ன்னு ஆட்டோக்காரன வதைச்சியே."

ஆமாம். வதைத்தேன். அது பதினெட்டு வருடத்துக்கு முன்னால். எனக்கே மறந்துபோயிருந்தது, அவர் சொன்னதும் அந்த அட்டைப் பெட்டியின் கனம்கூடத் தொடையில் தெரிந்தது. எனக்கு மறந்ததையெல்லாம் இவ்வளவு துல்லியமாகச் சொல்கிற மனிதரைப் போய்...

மாலை: அழுத்திப் பார்க்கவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

ஷாஜகான் பெட்டியின் முன்பக்கத்தைக் கழற்றி, தினசரித்தாளை விரித்து, சின்ன ஸ்குரூடிரைவரால் சுரண்டினான். ஒரு கைப்பிடி உதிர்ந்தது. வீடெல்லாம் சந்தன வாசனை.

"நம்ம கடைக்கு வர்ற எல்லாப் பெட்டியிலயும் பொட்டு இருக்கும் டீச்சர். ஆயுத பூஜைக்கு வெச்சது. அதான் எனக்கு இது கண்ணுலயே படல." பிறகு கேட்டான். "இது எத்தன ஆயுத பூஜை?"

"பதினெட்டு" என்றேன்.

அவன் தாளில் கிடந்ததைப் பார்த்தான். மேலேடு இன்னும் ஈரமாக இருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். மறுபடி குனிந்து பட்டனைத் துணியால் துடைக்க ஆரம்பித்தான். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வருடத்துக்கு ஒரு பொட்டு வைத்தால் எவ்வளவு சேரும் என்று எனக்குத் தெரியாதா? கிராம் கணக்கில் உப்பை நிறுத்துக் கொடுத்தவள் நான்.

செருப்பை மாட்டும்போது சொன்னான். "எங்க அத்தா கடைசியில, பெத்த மகன் என்னையவே 'எந்தத் தெரு தம்பி நீ'ன்னு கேப்பாரு டீச்சர். கொஞ்சம் முன்னாலயே காட்டியிருந்தீங்கன்னா இன்னும் கொஞ்ச காலம் புடிச்சு வெச்சிருக்கலாம்னாரு டாக்டர். நாங்க, வயசாச்சுல்ல, அப்படித்தான் இருப்பாருன்னு விட்டுட்டோம்."

"பட்டன் சரியாயிருச்சா இல்லையா? அத மட்டும் சொல்லு" என்றேன்.

"சரியாயிருச்சு டீச்சர்" என்று போய்விட்டான். அவனுக்கு இன்று மோர்கூடக் கொடுக்கவில்லை.

ஜூலை 2, புதன்

காலை: உண்டு (இவர்). ஏழு மணிக்கு இரண்டு பேரை வாழ்த்தினார்.

சோதனை முடிந்தது. இந்த நோட்டை மூடிவிடலாம்.

ஜூலை 4, வெள்ளி

மூடவில்லை. ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது.

பட்டனில் வைக்காதீர்கள் என்று சொல்லி, பெட்டியின் மேல் தகட்டில் ஓர் இடம் காட்டிக் கொடுத்தேன். "புதுசுக்கு நெத்தியிலதான வெக்கணும்" என்றேன். அவருக்கு அது நியாயமாகப் பட்டது. ஒவ்வொரு நாளும் குளித்துவிட்டு வந்து, சந்தனத்தைக் குழைத்து, மோதிர விரலால் தொட்டு வைத்து, கண்ணை மூடிக் கும்பிடுகிறார். அந்த நேரத்தில் அவர் முகம் சந்தோஷமாக இருக்கிறது. சாயங்காலம் அவர் வாசலில் உட்கார்ந்திருக்கும்போது நான் ஈரத் துணியால் துடைத்துவிடுகிறேன். மறுநாள் காலையில் பெட்டி அவருக்குப் புதிதாக இருக்க வேண்டும் அல்லவா?

எனக்கு இவர்மேல் இவ்வளவு பிரியம் இருக்கிறது என்று நாற்பத்திரண்டு வருடத்தில் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. திட்டியதுதான் அதிகம். இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

ஜூலை 6, ஞாயிறு

பூங்கோதை போன் செய்தாள்.

"கம்ப்யூட்டர் என்னாச்சும்மா?"

"சரியாயிருச்சு. இப்பல்லாம் ஒரே தட்டுல வருது."

"அப்பா?"

"அவருக்கென்ன, நல்லாத்தான் இருக்காரு."

இன்று காலையில் ஒரே ஆளை, கொழிஞ்சிப்பட்டி வாத்தியாரை, நான்கு முறை கூப்பிட்டு வாழ்த்தினார். நான்காவது முறை அந்த மனிதர் எடுக்கவில்லை. பெட்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இனி பழி போட அதில் ஒன்றும் மிச்சமில்லை.

ஜூலை 8, செவ்வாய்

இன்று எனக்கு அறுபத்தாறு முடிந்தது. கல்யாணம் ஆன வருடத்திலிருந்து, நான் கண் விழித்ததும் முதல் வாழ்த்து இவருடையதுதான். இன்று காலையில் ஒன்றும் சொல்லவில்லை. குளித்தார், பொட்டு வைத்தார், உட்கார்ந்தார். சரி, நானும் கேட்டு வாங்கப் போவதில்லை என்று அடுப்படியில் இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஏழு மணிக்கு என் செல் அடித்தது. இவர் நம்பர். முன் அறையிலிருந்து அடுப்படிக்குப் போன் செய்கிறாரே, காபிக்கு இந்த அதிகாரமா என்று எடுத்தேன்.

"வணக்கம்மா. திருமேனிநாதன் பேசுறேன், போஸ்ட் ஆபீஸ்ல இருந்தேன். செண்பகவல்லி அம்மாதான?"

சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கேட்கிறது, காதுக்குள்ளும் அதே குரல் கேட்கிறது. ஆமாம் என்றேன்.

"இன்னைக்கு ஒங்களுக்குப் பொறந்தநாள். நல்லா இருக்கணும்மா, நோய் நொடி இல்லாம நூறு வருசம் இருக்கணும்."

"சரிங்க."

"வீட்டுக்காரரு நல்லா இருக்காரா?"

நல்லா இருக்கார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஒரு மாதமாக எல்லாரிடமும் சொன்னதுதானே, பழகிப்போன வார்த்தைதானே. வரவில்லை. அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அம்மா இறந்தபோதுகூட அப்படி அழவில்லை. "அழாதீங்கம்மா, அழாதீங்க, எல்லாம் சரியாப் போயிரும்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கவுண்டருக்கு வந்து தந்தியைப் பிரித்துப் படித்துவிட்டு அழுதவர்களிடம் பேசிய அதே குரல்.

போனை வைத்துவிட்டு அடுப்படிக்கே வந்துவிட்டார். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினேன்.

"செண்பகம், ஒரு அம்மாவுக்குப் போன் போட்டேன். ஒன் பேருதான் அதுக்கும். வீட்டுக்காரரப் பத்திக் கேட்டதும் ஓன்னு அழுதுருச்சு. அவருக்கு என்னமோ முடியல போல. பாவம், யாருகிட்டயும் சொல்லாம உள்ளயே வெச்சுருக்கும்போல இருக்கு. நீ ஒரு தடவ பேசேன். பொம்பளைக்குப் பொம்பளைன்னா சொல்லும்."

"பேசுறேன்" என்றேன்.

"இப்பவே பேசு."

காபியைக் கையில் கொடுத்து அவரை உட்கார வைத்தேன். இட்லி அடுப்பை அணைத்தேன். நோட்டை எடுத்துக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்து பூங்கோதையைக் கூப்பிட்டேன். வாழ்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். "அது அப்புறம் இருக்கட்டும். அந்த மதுரை டாக்டர்கிட்ட நாள் கேளு, இந்த வாரமே" என்றேன். பிறகு ஜூன் ஒன்பதிலிருந்து எழுதியதை எல்லாம் படித்துக் காட்டினேன். எழுதாமல் விட்டதையும் சேர்த்துச் சொன்னேன். நடுவில் அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் வருகிறேன்மா, இன்றைக்கே பஸ் ஏறுகிறேன் என்றாள்.

இவர் காலி டம்ளரோடு பின்வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"அந்தம்மாகிட்டயா பேசுற?"

"ஆமா."

"அழுகைய நிறுத்திருச்சா?"

"நிறுத்திட்டாங்க" என்றேன்.